உள்ளூர் வீரர் என்னும் அரை உண்மை

நாற்றங்காலிலே விதை தூவி, நீர் பாய்ச்சி, களை பிடுங்கி நாற்று வளர்ப்பவன் ஒருவன்; அந்நாற்றைப் பிடுங்கிச் சென்று தன் வயலில் நட்டு, விளைந்த நெல்லைக் காட்டி ‘இஃது என் மண்ணில் விளைந்தது’ என உரிமை கொண்டாடுபவன் இன்னொருவன். பின்னவன் கூற்று முற்றிலும் பொய்யன்று; நெல் அவன் வயலிலேதான் விளைந்தது. ஆயினும் முன்னவனின் உழைப்பை மறைத்து நிற்கும் அந்த அரை உண்மை முழுப் பொய்யினும் கொடியது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் நடைமுறையிலுள்ள ‘உள்ளூரில் வளர்ந்த வீரர்’ விதி அத்தகைய அரை உண்மையொன்றையே சட்டமாக்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எமது விடுதியின் பொதுவறையில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்க்கும் நண்பர் பலர். அவர்களிடையே இவ்விதி குறித்து இரு கட்சிகள் உண்டு. பெருஞ்செல்வம் படைத்த கழகங்கள் உலகமெங்கும் வீரரை விலைக்கு வாங்கிக் குவிப்பதைத் தடுத்து, உள்ளூர் இளைஞனுக்கு இடம் ஒதுக்கும் காப்பரண் இது என்பது ஒரு கட்சி. திறமைக்கு எல்லை வகுப்பது மடமை. வல்லவன் எவனோ அவன் ஆடட்டும் என்பது மறு கட்சி. விந்தை யாதெனில், இரு கட்சியினரும் விதியின் பெயரை நம்பியே வாதிடுகின்றனர். அதன் வாசகத்தைப் படித்தவர் மிகச் சிலரே. கலைப்பீட மாணவனுக்கு உதைபந்தாட்ட விதிகளில் என்ன வேலை என வினவுவோரும் உளர். ஒரு சட்டத்தின் பெயருக்கும் பொருளுக்கும் இடையே பிளவு தோன்றும்போது அப்பிளவினால் பயனடைபவர் யார் என்று கேட்பது எம் கல்வியின் கடமை. அவ்வினாவை மைதானத்திலும் எழுப்பலாம்.

1. விதி பிறந்த கதை

1967ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, லிஸ்பன் நகரில் இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்தை 2–1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய ஸ்கொட்லாந்தின் செல்டிக் அணியினர் யாவரும் கிளாஸ்கோ நகரைச் சுற்றி முப்பது மைல் தூரத்துள் பிறந்தவர்கள். 1999ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, சவுத்ஹாம்டன் அணிக்கெதிராக இங்கிலாந்தின் செல்சி கழகம் களமிறக்கிய பதினொருவருள் பிரித்தானியர் ஒருவரேனும் இருக்கவில்லை. இவ்விரு நாள்களுக்குமிடையில் நிகழ்ந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ளாது விதியை விளங்கிக்கொள்ளல் இயலாது.

ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமாகிய யூயெபா, 1990களின் முற்பகுதியில், தன் போட்டிகளில் ஒரு கழகம் மூன்று வெளிநாட்டவரையும், நெடுங்காலம் அந்நாட்டில் ஆடிப் பழகிய மேலும் இருவரையும் மட்டுமே களமிறக்கலாம் என வரையறுத்திருந்தது. ஸ்கொட்லாந்தவரும் வேல்ஸ் நாட்டவருங்கூட இங்கிலாந்துக் கழகத்துக்கு வெளிநாட்டவராகவே கொள்ளப்பட்டனர். 1994 நவம்பரில் பார்சிலோனாவுக்கெதிரான ஆட்டத்தில் இவ்வரையறைக்கமைய அணியைத் தெரிந்த மன்செஸ்டர் யுனைட்டெட், தன் முதன்மைக் கோல் காப்பாளரான டென்மார்க் நாட்டவர் பீட்டர் ஷ்மைக்கேலை வெளியே இருத்திவிட்டு ஆடி, 4–0 எனத் தோற்றது.

பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஆடிய ஜோன்-மார்க் பொஸ்மன், 1990இல் தம் ஒப்பந்தம் முடிவுற்ற பின்னரும் பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குச் செல்ல முடியாது தடுக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிவுற்ற வீரர் வேறோர் உறுப்பு நாட்டுக்குச் செல்லுகையில் பழைய கழகம் பணம் கேட்பதும், உறுப்பு நாடுகளின் பிரசைகளைக் களமிறக்குவதில் எண்ணிக்கை வரையறை விதிப்பதும் தொழிலாளரின் சுதந்திர நடமாட்டத்துக்கு முரணானவை என்பதே அத்தீர்ப்பு. ஒரு தொழிலாளியின் நியாயமான வெற்றி அது. ஆனால் அவ்வெற்றியின் அறுவடையை அள்ளிச் சென்றவை, தொலைக்காட்சி உரிமைப் பணத்தில் கொழுத்த ஒரு சில கழகங்களே.

பிரசாவுரிமையைக் கொண்டு வரம்பிடல் இனி இயலாது என்ற நிலையில் யூயெபா வேறு வழி தேடியது. 2005ஆம் ஆண்டு தலின் நகரில் கூடிய அதன் பேரவை ‘உள்ளூரில் பயிற்றப்பட்ட வீரர்’ என்ற புதிய வகையை ஏற்றுக்கொண்டது. கடவுச்சீட்டை நோக்காது பயிற்சியை நோக்கும் விதி என அது போற்றப்பட்டது. அது நோக்குவது பயிற்சியைத்தானா என்பதே எம் வினா.

2. விதியின் வாசகம்

யூயெபா போட்டிகளுக்கு ஒரு கழகம் கையளிக்கும் முதன்மைப் பட்டியலில் 25 வீரர் இடம்பெறலாம். அவற்றுள் 8 இடங்கள் உள்ளூரில் பயிற்றப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை. 2006/07 பருவத்தில் 4 ஆகத் தொடங்கிய இத்தொகை, அடுத்த பருவத்தில் 6 ஆகி, 2008/09இல் 8 ஆயிற்று. இவ்வெட்டில் குறைந்தது நால்வர் அக்கழகத்திலேயே பயிற்றப்பட்டிருத்தல் வேண்டும். ஏனையோர் அதே நாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த வேறெக்கழகத்திலும் பயிற்றப்பட்டிருக்கலாம். 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் மூன்று முழுப் பருவங்கள், அல்லது 36 மாதங்கள், கழகத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தால் அவர் பயிற்றப்பட்டவர். தொகை குறையின் தண்டனை யாதுமில்லை. பட்டியலே அவ்வளவுக்குச் சுருங்கும்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 2010/11 பருவத்தில் புகுத்திய விதி இதனினும் தளர்வானது. 25 பேர் பட்டியலில் உள்ளூரில் வளராதோர் 17 பேருக்கு மேற்படலாகாது. 21 வயதை எட்டும் பருவம் முடியுமுன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் சங்கத்தைச் சேர்ந்த எக்கழகத்திலாயினும் மூன்று பருவங்கள் பதிவாகியிருந்தவர் உள்ளூரில் வளர்ந்தவர். தன் கழகத்தில் வளர்ந்தவர் இத்தனை பேர் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இங்கில்லை. 21 வயதுக்குட்பட்டோர் இக்கணக்கிற் சேரார்.

வாசகத்தில் வரும் வினைச்சொல்லை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ‘பயிற்றப்பட்ட’ என்பது பெயர். ‘பதிவு செய்யப்பட்ட’ என்பதே நிபந்தனை. யார் கற்பித்தார், எங்கே கற்றார், எத்தனை ஆட்டம் ஆடினார் என்பன ஒன்றும் கேட்கப்படுவதில்லை. பதிவேடு சான்று சொன்னால் போதும்.

3. பதிவேடு பெற்ற பிள்ளைகள்

செஸ்க் பப்ரேகாஸ் ஸ்பெயினிற் பிறந்து, பார்சிலோனாவின் பயிற்சிக் கூடத்தில் பந்தாடக் கற்றவர். 2003இல் தமது 16ஆம் வயதில் ஆர்செனல் கழகத்துக்குக் கொண்டுவரப்பட்டார். விதியின் கண்ணில் அவர் இங்கிலாந்தில் வளர்ந்த வீரர். போல் பொக்பாவை பிரான்சின் லே ஹாவ்ர் கழகத்திலிருந்து 2009இல், அவருக்கும் 16 வயதாயிருக்கையில், மன்செஸ்டர் யுனைட்டெட் அழைத்துச் சென்றது. 2012இல் அவர் இத்தாலியின் யுவென்டஸ் கழகத்துக்குச் சென்று, அங்கு உலகப் புகழ் ஈட்டினார். 2016இல் சுமார் 89 மில்லியன் பவுண் என்ற, அந்நாளைய உலக சாதனை விலைக்கு மன்செஸ்டர் யுனைட்டெட் அவரை மீள வாங்கியது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கப்பட்டவர் அக்கழகத்தின் பட்டியலில் ‘கழகத்திலேயே பயிற்றப்பட்டவர்’ எனக் கணக்கிடப்படும் தகுதியுடையவராயிருந்தார்!

இனி மறுபக்கத்தை நோக்குவோம். எரிக் டையர் இங்கிலாந்திற் பிறந்தவர். இங்கிலாந்துத் தேசிய அணியின் சீருடை அணிந்து உலகக் கிண்ணத்தில் ஆடியவர். ஆனால் சிறு பிராயத்தைப் போர்த்துக்கல்லிற் கழித்து ஸ்போர்ட்டிங் கழகத்தில் பயின்று, 2014இல் 20 வயதில் டொட்டன்ஹாம் கழகத்துக்கு வந்தமையால் இங்கிலாந்தில் அவர் உள்ளூர் வீரர் அல்லர். அயலிலுள்ள ஸ்கொட்லாந்திலிருந்து அதே ஆண்டில் ஹல் சிட்டி கழகத்துக்கு வந்த அன்ட்ரூ ரொபர்ட்சனும் அல்லர். பார்சிலோனாவில் கற்றவர் உள்ளூரவர். இங்கிலாந்துக்காக ஆடுபவர் வெளியூரவர். பிறப்பை நோக்காதிருப்பது நன்றே. பிறப்பினால் ஒருவனை ஒதுக்கும் விதியை நாமும் வேண்டோம். ஆனால் பிறப்பையும் நோக்காது, வளர்ப்பையும் நோக்காது நிற்கும் விதி எதைத்தான் நோக்குகின்றது? 16 வயதில் ஒரு சிறுவனைத் தன்பால் ஈர்க்கும் பணவலிமையையே நோக்குகின்றது.

4. பட்டியலும் மைதானமும்

இரண்டாவது குறை இதனினும் வெளிப்படையானது. விதி கணக்கிடுவது பட்டியலிலுள்ள பெயர்களையேயன்றி மைதானத்தில் ஆடிய நிமிடங்களையன்று. யூயெபாவின் எட்டுப்பேரும் பருவம் முழுவதும் வாங்கிலே அமர்ந்திருந்தாலும் விதி நிறைவேறிவிட்டதாகவே கொள்ளப்படும்.

மன்செஸ்டர் சிட்டி கழகத்தில் 2019 முதல் 2025 வரை மூன்றாம் கோல் காப்பாளராக இருந்தவர் ஸ்கொட் கார்சன். லீட்ஸ் கழகத்தில் வளர்ந்து, இங்கிலாந்துத் தேசிய அணிக்கும் ஆடிய அனுபவசாலி. அவ்வாறு ஆண்டுகளில் அவர் போட்டி ஆட்டங்களிற் களமிறங்கியது இரண்டே முறை. அவரது நேர்மையையோ உழைப்பையோ நாம் குறை கூறவில்லை. பயிற்சிக் களத்தில் அவர் ஆற்றிய பணி பயனுடையதாகவே இருந்திருக்கும். எனினும், இரண்டே ஆட்டம் ஆடிய, முப்பது வயது கடந்த காப்பாளரும், ஒவ்வொரு கிழமையும் ஆடும் இருபத்திரண்டு வயது இளைஞனும் விதியின் தராசில் ஒரே எடையுடையவர். இளைஞருக்கு வாய்ப்பளிக்க எழுந்ததாகச் சொல்லப்படும் விதி, முதிர்ந்தவரை வாங்கில் இருத்தி நிறைவு செய்யத்தக்கதாய் அமைந்திருப்பது விதியை மீறிய தந்திரமன்று. விதியே திறந்து வைத்த வாயில் அது.

5. சிறுவர் சந்தை

மூன்றாவது குறையே என் நெஞ்சை உறுத்துவது. 21 வயதுக்குள் மூன்று ஆண்டுகள் பதிவாகியிருத்தல் வேண்டுமெனின், வெளிநாட்டு இளைஞனைப் பிந்தி வாங்குவதிலும் முந்தி வாங்குவதே இலாபம். 22 வயதில் வாங்கப்படுபவன் ‘வெளியூரவன்’ என்ற சுமையோடு வருவான். 16 வயதில் வாங்கப்படுபவன் மூன்றாண்டில் ‘உள்ளூரவன்’ ஆகிவிடுவான். சிறுவரை இளமையிலேயே வீட்டினின்றும் மொழியினின்றும் பிரித்தெடுப்பதற்கு இவ்வாறு விதியே ஊக்கமளிக்கின்றது.

உலகச் சம்மேளனமாகிய பீபா, 18 வயதுக்குட்பட்டோரை நாடு விட்டு நாடு மாற்றுவதை 2001 முதல் பொதுவாகத் தடைசெய்துள்ளது உண்மையே. ஆயின் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வயதினருக்கு அதில் விலக்குண்டு. சிறுவர் தொடர்பான விதிகளை மீறியமைக்காக 2014இல் பார்சிலோனாவும், 2016இல் ரியல் மட்ரிட், அத்லெட்டிக்கோ மட்ரிட் ஆகியனவும், 2019இல் செல்சியும் வீரரைப் பதிவு செய்யாதவாறு தடைவிதிக்கப்பட்டன. ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்களே இப்பட்டியலில் நிற்கின்றன என்பதை நினைவிற் கொள்க. பிரித்தானியா ஒன்றியத்தினின்றும் விலகியதன் விளைவாக, 2021 தொடக்கம் இங்கிலாந்துக் கழகங்கள் 18 வயது நிரம்பாத வெளிநாட்டுச் சிறுவரைச் சேர்க்க இயலாது போயிற்று. ஆக, இங்கிலாந்தில் அவ்வழியை அடைத்தது உள்ளூர் வீரர் விதியன்று. அதனோடு தொடர்பற்ற ஓர் அரசியல் முடிவே அடைத்தது.

6. விலையும் கணக்கேடும்

ஒரு பண்டத்தின் தொகையைச் சட்டத்தால் வரையறுத்தால் அதன் விலை ஏறும் என்பதைப் பொருளியலின் முதற்பாடம் பயின்றவரும் அறிவர். 2016இல் ஜோன் ஸ்டோன்ஸ் சுமார் 47.5 மில்லியன் பவுணுக்கும், 2019இல் ஹரி மக்வயர் சுமார் 80 மில்லியனுக்கும், 2021இல் ஜக் கிறீலிஷ் 100 மில்லியனுக்கும் இங்கிலாந்துக் கழகங்களுக்கிடையே கைமாறினர். இவ்விலைகளுக்கு விதி ஒன்றே காரணமென்பது மிகையாகும். திறமைக்கும் கழகங்களின் செல்வத்துக்கும் அவற்றிற் பங்குண்டு. எனினும் எட்டு இடங்களை இன்ன வகையினரால் மட்டுமே நிரப்பலாம் என்றாகும்போது, அவ்வகையினரை வாங்கும் வலிமை செல்வரிடமே உண்டு. மெலிந்தவரைக் காக்க எழுந்த வேலி வலியவரின் முற்றத்துக்கே எல்லையாய் அமைந்தது.

இன்னுமொரு முரண்பாடு உண்டு. விலைக்கு வாங்கிய வீரரின் விலையைக் கழகங்கள் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டுச் செலவெழுதும். அவரை விற்கும்போது எஞ்சிய தொகையைக் கழித்த பின்னரே இலாபம். தன் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவனுக்கோ கணக்கேட்டில் பெறுமதி பூச்சியம். விற்றால் வந்த பணம் அத்தனையும் இலாபம். நட்டத்துக்கு வரம்பு விதிக்கும் நிதி ஒழுங்குகளால் நெருக்குண்ட கழகம் முதலில் யாரை விற்கும்? ஆறு வயதில் செல்சியிற் சேர்ந்து, 2021இல் அக்கழகத்தோடு ஐரோப்பியக் கிண்ணம் வென்ற மேசன் மவுண்ட் 2023இல் விற்கப்பட்டார். சிறு பிராயம் முதல் அங்கேயே வளர்ந்த கொனர் கலஹர் 2024இல் விற்கப்பட்டார். ஒரு விதி ‘பிள்ளையை வீட்டில் வைத்திரு’ என்கின்றது. மற்றொரு விதி ‘பிள்ளையை விற்றால் கடன் தீரும்’ என்கின்றது. மவுண்ட் சென்றது மன்செஸ்டர் யுனைட்டெட் கழகத்துக்கு. அங்கும் அவர் ‘உள்ளூரில் வளர்ந்தவரே’. பெற்ற வீடு துறந்தாலும் விதிக்கு எக்குறையுமில்லை.

7. ஒரு மறுப்பும் அதற்கு மறுமொழியும்

எம் கருத்தை மறுப்போர் இங்கிலாந்தையே சான்றாகக் காட்டுவர். 2010இல் விதி வந்தது. 2017இல் இங்கிலாந்தின் 17 வயதுக்குட்பட்டோர் அணியும் 20 வயதுக்குட்பட்டோர் அணியும் உலகக் கிண்ணங்களை வென்றன. ஆதலால் விதி வென்றது என்பர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததனால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. அவ்வெற்றிகளுக்கு இன்னும் நெருக்கமான காரணம், 2012இல் தொடங்கிய பயிற்சிக் கூடச் சீர்திருத்தமும், அதனோடு பயிற்றுநருக்கும் மைதானங்களுக்கும் பாய்ந்த முதலீடுமாகும். அச்சீர்திருத்தத்துக்கும் ஒரு நிழல் உண்டு. சிறுவரைப் பெரிய கழகங்கள் எடுத்துக்கொள்ளும்போது செலுத்தவேண்டிய நட்டஈட்டை அது முன்கூட்டியே நிர்ணயித்து, பெரியோர்க்கு மலிவாக்கிற்று. வளர்த்த சிறுவரைச் சொற்பத் தொகைக்கு இழந்து சலித்த பிரென்ட்போர்ட் கழகம் 2016இல் தன் பயிற்சிக் கூடத்தையே மூடிற்று. நாற்றங்கால் வைத்தவன் அதனை உழுது தரிசாக்கிய கதை இது. பின்னர் அது மீளத் தொடங்கப்பட்டமை அக்கழகம் செல்வம் பெற்று உயர்ந்ததன் விளைவேயாகும்.

எம் குறைகூறலை நீதிமன்றமும் ஓரளவு ஏற்றுள்ளது. பெல்ஜியத்தின் ரோயல் அன்ட்வேர்ப் கழகமும் ஒரு வீரரும் தொடர்ந்த வழக்கில், 2023 டிசம்பர் 21ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஊன்றிப் படிக்கத்தக்கது. இத்தகைய விதிகள் பிற நாட்டவரை மறைமுகமாகப் பாதிக்கக்கூடும். அவை இளைஞர் பயிற்சியை உண்மையில் ஊக்குவிக்கின்றனவா, ஊக்குவிக்கும் அளவுக்கு மட்டும் கட்டுப்படுத்துகின்றனவா என்பதைப் பெல்ஜிய நீதிமன்றம் ஆராய்தல் வேண்டும் என அது பணித்தது. நாட்டின் எக்கழகத்தில் பயின்றவரையும் ஒரே நிரையில் வைத்தால், பணம் படைத்த கழகங்கள் தாமே இளைஞரைச் சேர்த்துப் பயிற்றுவதற்கு உண்மையான தூண்டுதல் இல்லாது போகலாம் என்றும் சுட்டிற்று. அவ்வழக்கிலே 2023 மார்ச்சில் கருத்துரைத்த சட்டத்துறைத் தலைமை அறிஞரும், பிற கழகங்களில் பயின்றோரைக் கணக்கிற் சேர்ப்பதையே குறையெனக் கண்டார்.

8. வேண்டுவது யாது?

இதுகாறும் கூறியவற்றால் விதியை ஒழித்துச் சந்தையைத் திறந்துவிடுக என நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. வரம்பில்லாச் சந்தையின் நிலையை 1995ஐ அடுத்த பத்தாண்டுகள் காட்டிவிட்டன. பாஸ்க் நாட்டு வேரும் வளர்ப்பும் உடையவரைக் கொண்டே ஆடும் அத்லெட்டிக் பில்பாவோ கழகம் ஸ்பெயினின் முதற் பிரிவிலிருந்து ஒருபோதும் இறங்கியதில்லை. 2012 நவம்பர் 25ஆந் திகதி லெவான்டே அணிக்கெதிரான ஆட்டத்தின் பெரும்பகுதியில் பார்சிலோனாவின் பதினொருவரும் அதன் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவராயிருந்தனர். வளர்த்தவரைக் கொண்டு வெல்லலாம் என்பதற்கு இவை சான்று. ஆனால் அவ்விரு கழகங்களும் அதனைச் செய்தது விதியின் அச்சத்தாலன்று, தம் விருப்பத்தாலும் பொறுமையாலும் என்பதையும் மறத்தலாகாது.

எனவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தன் கழகத்தில் வளர்ந்தவரை மட்டுமே விதி கணக்கிடுக. விலைக்கு வாங்கிய உள்ளூரவனுக்கு அதில் இடம் வேண்டா. 16 வயதுக்கு முந்திய ஆண்டுகளுக்கும் கணக்கில் மதிப்பளித்தால், நாற்று வளர்த்தவனின் உழைப்பு பதிவேட்டிலே தோன்றும். இரண்டாவது, பட்டியலிலுள்ள பெயரை விடுத்து மைதானத்தில் ஆடிய நிமிடங்களைக் கணக்கிடுக. அந்நிமிடங்களுக்கேற்ப யூயெபாவின் பரிசுப் பணத்தில் ஒரு பங்கைப் பகிர்ந்தால், தடையினும் தூண்டுதலே வலிமை பெறும். மூன்றாவது, வளர்த்த கழகங்களுக்கு உரிய பங்கைப் பெருக்குக. ஒப்பந்த காலத்துக்குள் கைமாறும் வீரரின் விலையில் 5 சதவீதத்தை, அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிர வேண்டுமென்பது பீபாவின் விதி. நூறு ரூபாவில் ஐந்து ரூபா! பத்தாண்டு வளர்த்தவனுக்கு ஐந்தும், விற்றவனுக்கு தொண்ணூற்றைந்தும் என்பது எந்நாட்டு நியாயம்?

சொல் ஒன்று, பொருள் வேறொன்று என்ற நிலையில் ஒரு சட்டம் நெடுநாள் நிற்குமாயின், மக்கள் சட்டத்தை மட்டுமன்றிச் சொல்லையும் நம்பாது விடுவர். ‘உள்ளூர்’ என்பது அழகிய சொல். அச்சொல்லுள் ஓர் ஊரின் சிறு மைதானமும், மாலை வேளையில் ஊதியமின்றிப் பந்துதைக்கக் கற்பித்த முதியவரும், மகனை மைதானத்துக்கு அழைத்துச் சென்ற தாயும் அடங்குவர். விதி எழுதியோர் அம்மூவரையும் வெளியே நிறுத்திவிட்டு அச்சொல்லை மட்டும் எடுத்துச் சென்றனர். சொல்லை அதற்குரியவரிடம் மீளக் கையளிக்கும் வரை, பொதுவறையில் நண்பர் கூடி ‘உள்ளூர் வீரர்’ என்று கூறும்போதெல்லாம் ‘எவ்வூர்?’ என்று கேட்டுக்கொண்டேயிருப்போம்.